வீட்டுக்காரனை மாற்றினால் வியாதி தீருமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ராணுவத் தளங்களில் குடியிருக்கும் சிப்பாய்களின் மனைவி மக்கள், யுத்தகளத்தைக் கண்ணாலும் கண்டறியாதவர்களாயினும், தங்கள் தலைக்கு மேலுள்ள கூரையினாலும் தங்கள் குழாயில் வரும் நீரினாலுமே நோய்வாய்ப்பட்டு வந்திருக்கிறார்கள் என்ற விஷயம் சில வருஷங்களாகப் பத்திரிகைகளில் பலமாக அடிபட்டு வருகிறது. அதைப் படித்தவர்களுள் பெரும்பாலோர் மிகச் சுலபமாக ஒரு தீர்ப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1996-ஆம் வருஷத்தில் சர்க்கார் தன் குடும்பக் குடியிருப்புகளைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கத் துணிந்தது. கம்பெனிகள் லாபத்தைக் கணக்குப் பார்த்தனவேயன்றிச் சுவரில் படர்ந்த பூஞ்சணத்தைப் பார்க்கவில்லை. ஆகையால் ஒப்பந்தங்களைக் கிழித்தெறிந்துவிட்டு வீடுகளை மறுபடியும் ராணுவத்தின் கையிலேயே கொடுத்துவிட்டால் குழந்தைகளின் தேகம் தேறிவிடும் என்பதே அத்தீர்ப்பு. கோபப்படுவதற்கு ஓர் ஆளைத் திட்டமாகச் சுட்டிக்காட்டுகிற அபிப்பிராயம் எதுவும் வேகமாகப் பரவும்; இதுவும் அவ்விதமே பரவியிருக்கிறது. இதில் பொய் இல்லை. ஆனால் இருப்பது பாதி உண்மை மட்டுமே. அந்தப் பாதியை முழுமையெனக் கொண்டு செய்கிற சிகிச்சை, நோயை அப்படியே விட்டுவிட்டு நோயாளிக்கு ஆறுதலை மட்டும் கொடுத்தனுப்பும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்த்தரப்பினரின் வாதத்தை அதன் முழு பலத்தோடும் முதலில் எடுத்துச் சொல்வதுதான் நியாயம். அமெரிக்காவுக்குள் உள்ள ராணுவக் குடும்ப வீடுகளில் ஏறக்குறைய எல்லாமே, அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு, சுமார் இரண்டு லட்சம் வீடுகள், இன்று கம்பெனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. நிலத்தை ஐம்பது வருஷக் குத்தகைக்குப் பெற்றுக்கொண்ட இக்கம்பெனிகளுக்குச் சிப்பாயின் சம்பளத்தோடு சேர்ந்த வாடகைப்படி மாதந்தோறும் தவறாமல் போய்ச் சேருகிறது. ரீயூட்டர் செய்தி ஸ்தாபனத்தின் நிருபர்கள் 2018-ல் வெளியிட்ட விசாரணை, ஜார்ஜியா மாகாணத்து ஃபோர்ட் பென்னிங் முதலிய தளங்களில், பழைய வீடுகளின் ஜன்னல் சட்டங்களிலும் தாழ்வாரங்களிலும் ஈயம் கலந்த வர்ணம் உரிந்து உதிர்ந்து கிடந்ததை அம்பலப்படுத்தியது. வீடுகளில் அவ்வர்ணத்தைப் பூசுவது 1978-லேயே அந்நாட்டில் தடுக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் பூசியதைச் சுரண்டி எடுக்கவோ மூடிக் காக்கவோ வேண்டிய பொறுப்பு வீட்டை வைத்திருப்பவனுடையது. 2011 முதல் 2016 வரை ராணுவ ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட சிறு குழந்தைகளுள் 1,050-க்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தது என்று அவ்விசாரணை கண்டறிந்தது. ஈயத்தில் தீங்கற்ற அளவென்று ஒன்று கிடையாது. தவழ்கிற பிராயத்தில் கைவிரலோடு வாய்க்குள் போகிற அந்தத் தூசி, பின்னால் பள்ளிக்கூடத்தில் புத்தி மந்தமாகவும், மனம் ஓரிடத்தில் நில்லாமையாகவும் வெளிப்படும்.

அதோடு முடியவில்லை. இக்கம்பெனிகளுள் பெரியவற்றில் ஒன்றான பால்ஃபர் பீட்டி கம்யூனிட்டீஸ், ரிப்பேர்க் கணக்குகளைப் பொய்யாக எழுதி, வேலையைக் காலத்தில் முடித்ததாகக் காட்டி, சர்க்காரிடமிருந்து ஊக்கத்தொகை பெற்ற மோசடியை 2021 டிசம்பரில் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. 3 கோடியே 36 லட்சம் டாலர் அபராதமும், 3 கோடியே 18 லட்சம் டாலருக்கு மேல் நஷ்ட ஈடும் அதன்மேல் விதிக்கப்பட்டன. சுமார் 2013 முதல் 2019 வரை நடந்த இந்த மோசடியை யாரும் மறுக்கவில்லை. மறுக்க நமக்கும் உத்தேசமில்லை. கம்பெனி குற்றவாளி என்பது நிரூபணமான விஷயம். அது ஒன்றே குற்றவாளியா, அதை அப்புறப்படுத்தினால் குற்றம் ஒழியுமா என்பதுதான் நம்முன் உள்ள விவகாரம்.

இதை ஆராயப் புகுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, 1996-க்கு முன்னால் அவ்வீடுகள் எப்படி இருந்தன என்பதாகும். பாதுகாப்பு இலாகா தன் சொத்துக்களைக் கம்பெனிகளிடம் கொடுக்க முன்வந்ததற்குக் காரணம், அவற்றின் நிலைமை அதற்கே வெட்கத்தைத் தந்ததுதான். சீர்கெட்ட வீடுகளையெல்லாம் வழக்கமான முறையில் சர்க்கார் பணத்தைக் கொண்டு புதுப்பிப்பதானால் சுமார் 2,000 கோடி டாலரும் முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட காலமும் பிடிக்கும் என்று அந்த இலாகாவே மதிப்பிட்டிருந்தது. ராணுவத்தின் சொந்தப் பராமரிப்பில் ஒழுகிய கூரைகளே கம்பெனிகளிடம் கைமாறின. ஒழுக்கைக் கண்டுபிடித்தவர்கள் கம்பெனிகள் என்பதுபோல் பேசுகிறவர்கள், அந்தப் பழைய பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

கூரைக்கே இவ்வளவு என்றால், நீரின் கதை இன்னும் கொடியது. வட கரோலினா மாகாணத்தில் மரைன் படைக்குச் சொந்தமான லெஜூன் முகாமில், 1953 ஆகஸ்டு முதல் 1987 முடியும் வரை, வெவ்வேறு காலங்களில், வீடுகளுக்கு விநியோகமான குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன், பென்ஸீன், வினைல் குளோரைடு என்னும் ரசாயனங்கள் கலந்திருந்தன. டராவா டெரஸ் என்ற குடும்பக் குடியிருப்பின் கிணறுகளை எல்லைக்கு வெளியே இருந்த ஓர் உலர்சலவைக் கடையின் கழிவு கெடுத்தது. ஹாட்நாட் பாயிண்ட் பகுதியின் கிணறுகளைத் தளத்தின் சொந்தக் கழிவுகளும், ஒழுகிய எண்ணெய்த் தொட்டிகளும் கெடுத்தன. 1982-ல் ஹாட்நாட் பாயிண்டின் குழாய் நீரில் டிரைகுளோரோஎத்திலீன் நூறு கோடிப் பங்கில் 1,400 பங்கு இருந்தது; பிற்பாடு நாட்டின் சட்டம் அனுமதித்த எல்லையோ வெறும் 5 பங்குதான். அந்த எல்லை அக்காலத்தில் ஏற்படவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் தண்ணீரில் ஏதோ விபரீதம் கலந்திருக்கிறது என்று சோதனைக்கூடங்கள் 1980 முதற்கொண்டே எச்சரித்து வந்திருக்க, மிகவும் கெட்டுப்போன கிணறுகளை மூடியது 1984-ன் கடைசியிலும் 1985-ன் தொடக்கத்திலும்தான். அப்போதுகூடக் குடியிருப்போருக்கு அனுப்பிய கடிதத்தில், ரசாயனங்கள் மிகச் சொற்ப அளவிலேயே காணப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அக்கிணறுகளை வெட்டியதும், நீரை இறைத்ததும், சோதித்ததும், சோதனையின் முடிவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதும் எந்தக் கம்பெனியும் அல்ல, மரைன் படையே.

மரைன் படையில் நெடுநாள் ஊழியம் செய்த ஜெர்ரி என்ஸ்மிங்கர் என்பவரின் மகள் ஜேனி, 1985-ல், ஒன்பதாவது வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அவள் கருவில் இருந்தபோது அக்குடும்பம் லெஜூனில் வசித்தது. குழந்தைக்கு ஏன் இந்த வியாதி வந்தது என்று தகப்பன் கேட்டுக்கொண்டே இருந்தார். லெஜூன் நீரைப் பற்றி அவருக்கு முதன்முதலாகத் தெரிய வந்தது 1997-ல், அதுவும் டெலிவிஷன் செய்தியின் மூலமாக. தாம் உயிரைக் கொடுக்கச் சித்தமாயிருந்த ஸ்தாபனம் பன்னிரண்டு வருஷம் வாய் திறக்காததைச் செய்தி வாசிப்பவரின் வாயால் கேட்டறிந்த அந்த மனிதரிடம் போய், ராணுவமே வீட்டுக்காரனாக இருந்தால் குடும்பங்களுக்குப் பாதுகாப்பு என்று உபதேசிக்க யாருக்குத் துணிவு வரும்?

இது பழங்கதை, இக்காலத்து ராணுவம் திருந்திவிட்டது என்று சொல்வார்கள். ஆனால் ஹவாயின் ஓவாஹு தீவில் பேர்ல் ஹார்பருக்கு அருகே ரெட் ஹில் என்னும் குன்றைக் குடைந்து, இரண்டாவது உலக யுத்த காலத்தில் கப்பற்படை இருபது எண்ணெய்த் தொட்டிகளை அமைத்தது. ஒவ்வொன்றும் 1 கோடியே 25 லட்சம் காலன் கொள்ளும். அவற்றுக்குச் சுமார் நூறு அடி கீழே தீவின் நன்னீர் ஊற்று கிடக்கிறது. 2021 மே மாதம் கசிந்த எரிபொருள் தீயணைப்புக்கென வைத்திருந்த ஒரு வடிகால் குழாயில் போய்த் தேங்கி, யாரும் கவனியாமல் மாதக்கணக்கில் கிடந்து, நவம்பர் 20-ஆம் தேதி ஒரு வண்டி மோதிக் குழாய் உடைந்தபோது கொட்டிக் குடிநீரில் கலந்தது. கப்பற்படையின் நீர் விநியோகத்தை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர். குழாயைத் திறந்தால் எரிபொருள் நாற்றம் வீசுகிறது, குழந்தைகள் வாந்தியெடுக்கிறார்கள், மேலெல்லாம் தடிக்கிறது என்று தாய்மார் முறையிட்டபோது, தண்ணீர் கெட்டதற்கு அறிகுறி இல்லையென்றும், தாமும் தம் சிப்பந்திகளும் அதைத்தான் குடிக்கிறோமென்றும் தளத்தின் தலைவர் அறிவித்தார். குடிக்காதீர்கள் என்று சொன்னது யார்? ஹவாய் மாகாணத்தின் சுகாதார இலாகா. தொட்டிகளைக் காலி செய்யும்படி அவசர உத்தரவிட்டதும் அதுவே. அவ்வுத்தரவைக் கப்பற்படை முதலில் எதிர்த்து வாதாடியது. 2022 மார்ச்சில்தான் தொட்டிகளை நிரந்தரமாக மூடுவதென்று பாதுகாப்பு மந்திரி தீர்மானித்தார். தளத்துக்குள் அதிகாரம் பெற்றிருந்தவர்கள் உறுதிமொழி கூறிக்கொண்டிருந்த வேளையில், தளத்துக்கு வெளியே நின்ற ஓர் இலாகாதான் உண்மையைச் சொல்லிற்று என்ற இச்சிறு விவரத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நம்முடைய வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

மணமாகாத சிப்பாய்கள் தங்கும் பாசறைக் கட்டிடங்களையும் பார்ப்போம். அவை மிகப் பெரும்பாலும் இன்றைக்கும் ராணுவத்தின் சொந்த நிர்வாகத்திலேயே உள்ளன. காங்கிரஸ் சபையின் கணக்குத் தணிக்கை ஸ்தாபனம் பத்துத் தளங்களைப் பார்வையிட்டு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, அங்கே பூஞ்சணத்தையும், பொங்கி வழியும் சாக்கடையையும், வேலை செய்யாத தீ எச்சரிக்கைக் கருவிகளையும் கண்டதாகக் கூறுகிறது. அதற்கு முந்தின வருஷம் வட கரோலினாவின் பிராக் கோட்டையில் பூஞ்சணத்தின் காரணமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களைக் கட்டிடங்களிலிருந்து வெளியேற்ற நேர்ந்தது. கம்பெனியின் லாபமே பூஞ்சணத்துக்கு விதை என்றால், லாபம் தேடும் கம்பெனி இல்லாத இச்சுவர்களில் அது எப்படி முளைத்தது?

பிரிட்டனின் அனுபவம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அமெரிக்கா தனியார் வழியைத் தேர்ந்த அதே 1996-ல், பிரிட்டிஷ் பாதுகாப்பு இலாகா 57,000-க்கு மேற்பட்ட குடும்ப வீடுகளை அன்னிங்டன் என்ற கம்பெனிக்கு 166 கோடி பவுனுக்கு விற்று, அவற்றையே திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே ரிப்பேர்ப் பொறுப்பு இலாகாவிடமே இருந்தது. சொத்து தனியாருடையது, பராமரிப்பு சர்க்காருடையது. அப்படியிருந்தும் ஈரக்கசிவும், பூஞ்சணமும், குளிர்காலத்தில் சூடேறாத அறைகளும் பற்றிய முறையீடுகள் ஓயவில்லை. நவீன தரத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளைப் பெருமளவில் புதுப்பிக்கவோ திரும்பக் கட்டவோ நேரும் என்று காமன்ஸ் சபையின் பாதுகாப்புக் கமிட்டி 2024 டிசம்பரில் சொல்லிற்று. அடுத்த மாதமே சுமார் 600 கோடி பவுன் கொடுத்து 36,000-க்கு மேற்பட்ட வீடுகளைச் சர்க்கார் திரும்ப வாங்கிக்கொண்டது. வாங்கியது புத்திசாலித்தனமாகவே இருக்கலாம். ஆனால் பத்திரத்தில் பெயர் மாறியதனால் மட்டும் ஒரு சுவரும் உலர்ந்துவிடாது. கிணற்று நீர் கெட்டிருக்க, வைத்தியரை மாத்திரம் மாற்றிக்கொண்டே இருக்கும் குடும்பத்தின் கதையாகத்தான் இது முடியும்.

ஆகவே, சர்க்கார் வீடு, கம்பெனி வீடு, இரண்டுங்கெட்டான் வீடு ஆகிய எல்லாவற்றிலும் ஒரேவிதமாகத் தொடரும் இந்த நோய்க்கு மூலகாரணம், எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்தப் பொதுவான அம்சம், குடியிருப்பவருடைய அதிகாரமின்மை. ஃபோர்ட் பென்னிங் தளத்தின் வேலிக்கு வெளியே, கொலம்பஸ் பட்டணத்தில் குடியிருக்கும் ஒரு தச்சனின் குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்றால், அவன் நகரசபைப் பரிசோதகரை அழைக்கலாம். வீட்டுக்காரன்மேல் வழக்குத் தொடுக்கலாம். ஒன்றும் பலிக்காவிட்டால் காலி செய்துவிட்டுப் போகலாம். இவை எப்போதும் வெற்றி தருவன என்று நாம் சொல்ல வரவில்லை. ஏழைக் குடித்தனக்காரன் எந்த ஊரிலும் எளிதில் ஜெயிப்பதில்லை. ஆயினும் அவனைக் கண்டு வீட்டுக்காரன் ஓரளவு அஞ்சுவதற்கு இவ்வாயுதங்களே காரணம். வேலிக்கு உள்ளே குடியிருக்கும் சிப்பாயின் மனைவிக்கு இவை ஒன்றொன்றாகக் கழன்று போகின்றன. தளம் ஐக்கிய சர்க்காரின் பூமியாதலால் நகரசபையின் பரிசோதகர் அங்கே பெரும்பாலும் நுழைய அதிகாரமற்றவர். வாடகைப்படி கம்பெனிக்கு நேராகப் போவதால், வாடகையை நிறுத்தி வைப்பதாகச் சொல்லிப் பயமுறுத்தக்கூட அவளுக்கு நெடுங்காலம் வழியிருந்ததில்லை. காலி செய்யலாமென்றால், முன்பின் தெரியாத ஊரில், கணவன் கடல் கடந்திருக்கும் சமயத்தில், கைக்குழந்தையோடு எங்கே போவாள்?

எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுடைய முறையீடு கடைசியில் போய்ச் சேருகிற இடம் அவள் கணவனுடைய பதவி உயர்வைத் தீர்மானிக்கிற இடமாக இருக்கிறது. 2019 பிப்ரவரி 13-ஆம் தேதி செனட் சபையின் ராணுவக் கமிட்டிமுன் சாட்சி சொல்ல வந்த சிப்பாய்களின் மனைவிமார், வீட்டைப் பற்றிப் புகார் செய்தால் கணவனின் உத்தியோகத்துக்குப் பாதகம் வரும் என்ற அச்சத்தைப் பற்றிப் பேசினார்கள். ஈரச் சுவரைவிட இந்த அச்சம் தேகத்துக்கு அதிகக் கெடுதி செய்யும். ஏனெனில் சுவரை உலர்த்தவிடாமல் தடுப்பது இந்த அச்சமே.

நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய வைத்தியரும் இந்த வட்டத்துக்கு உட்பட்டவரே. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் மிகுந்தால் மாகாண சுகாதார இலாகாவுக்குத் தெரிவிப்பது சாதாரணமாக எல்லா ஆஸ்பத்திரிகளின் கடமை. ஆனால் பல ராணுவத் தளங்களில் அம்முடிவுகள் வெளியே தெரிவிக்கப்படாமலே இருந்தன என்று முன் சொன்ன ரீயூட்டர் விசாரணை கண்டது. தெரிவித்திருந்தால் மாகாணத்துப் பரிசோதகர் வீட்டைத் தேடி வந்திருப்பார்; அடுத்த வீட்டுக் குழந்தையும் தப்பியிருக்கும். வீட்டைக் கொடுப்பவரும், வாடகை தருபவரும், வியாதியைப் பார்ப்பவரும், புகாரை விசாரிப்பவரும் ஒரே ஸ்தாபனத்தின் அங்கங்களாகிவிட்டால், யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லத் தேவையில்லை. உண்மை தானாகவே வழியில் தங்கிவிடும். 2017-ஆம் நிதி வருஷத்தில் குடியிருப்போரில் நூற்றுக்கு 87 பேர் திருப்தியாக இருந்தார்கள் என்று பாதுகாப்பு இலாகா காங்கிரஸ் சபைக்கு எழுதியது. அந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல என்று தணிக்கை ஸ்தாபனம் பிறகு காட்டியது. ராணுவக் குடும்பங்களின் சங்கம் ஒன்று 2019-ல் நடத்திய விசாரணைக்குப் பதில் எழுதிய 16,779 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் அனுபவம் கசப்பானது என்றார்கள். தாமாக முன்வந்து பதில் எழுதுகிறவர்களுள் மனக்குறை உள்ளவர்களே மிகுந்திருப்பார்கள் என்பது மெய்தான். அதற்குரிய தள்ளுபடியைத் தள்ளிய பின்னும், இரண்டு கணக்குகளுக்கும் நடுவே உள்ள பள்ளம் மூடாது.

இந்த ஏற்பாட்டுக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. சிப்பாயின் குடும்பம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாறுகிறது. ஜார்ஜியாவில் ஈயத்தை விழுங்கிய குழந்தை டெக்ஸாஸில் பள்ளிக்கூடத்தில் பின்தங்கும். வட கரோலினாவில் குடித்த நீரின் பலனை ஓஹையோவில் உள்ள ஓர் ஆஸ்பத்திரி இருபது வருஷம் கழித்துப் பார்க்கும். வீடு ஓரிடத்தில் நிற்க, வியாதி நாடெங்கும் சிதறிப் போகிறது. அதே வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பழைய குடும்பம் பட்ட பாட்டை முதலிலிருந்து படத் தொடங்குகிறது. வேறு எந்தத் தெருவிலும் பத்து வீட்டுத் தாய்மார் கிணற்றடியில் பேசிக் கண்டுபிடித்துவிடுகிற ஒற்றுமையை, இத்தெருவில் கண்டுபிடிக்கத் தலைமுறைக் காலம் ஆவதற்கு இதுவே காரணம்.

கோர்ட் இருக்கிறதே என்பார்கள். 1947 டிசம்பரில் நியூயார்க் மாகாணத்துப் பைன் முகாமில் ஒரு பாசறை தீப்பிடித்து, அதில் உறங்கிக்கொண்டிருந்த ருடால்ஃப் ஃபெரஸ் என்ற லெப்டினன்ட் மாண்டார். கட்டிடத்தின் வெப்பச் சாதனம் பழுதுபட்டிருந்தது என்றும், அதை அறிந்தோ அறிந்திருக்க வேண்டியிருந்தோ அவரை அங்கே தங்க வைத்தது சர்க்காரின் அஜாக்கிரதை என்றும் அவருடைய மனைவி வழக்குத் தொடுத்தார். ஊழியத்தை ஒட்டி நேர்ந்த தீங்குக்காக ராணுவத்தினர் சர்க்கார்மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்று 1950-ல் சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. எழுபது வருஷத்துக்கு மேலாக அமெரிக்கச் சிப்பாயின் கையைக் கட்டியிருக்கும் இத்தீர்ப்புக்குத் தலைப்பாக நிற்கும் வழக்கே பத்திரமற்ற ஓர் உறைவிடத்தைப் பற்றியது என்பதை இவ்விவகாரத்தில் பேசுவோர் அநேகமாக மறந்துவிடுகிறார்கள். மனைவி மக்களுக்கு இத்தடை நேராகப் பொருந்தாது. ஆயினும் லெஜூன் குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போனபோது, பத்து வருஷத்துக்கு மேற்பட்ட பழைய தீங்குக்கு வழக்கில்லை என்ற வட கரோலினாச் சட்டம் குறுக்கே நின்று, 2016-ல் வழக்குகள் தள்ளுபடியாயின. விஷயத்தை மறைத்து வைத்திருந்த காலத்தையும் சேர்த்தே அந்தப் பத்து வருஷமும் எண்ணப்பட்டது! 2022 ஆகஸ்டில் காங்கிரஸ் சபை தனிச்சட்டம் செய்த பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது. அப்போது ஜேனி இறந்து ஏறக்குறைய முப்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

இனி, நம்மை நோக்கி வரக்கூடிய ஆட்சேபங்கள் சிலவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது, கட்டுப்பாட்டைப் பற்றியது: ஒவ்வொரு சிப்பாயின் மனைவியும் பரிசோதகரை அழைக்கவும் வாடகையை நிறுத்தவும் தொடங்கினால் ராணுவ ஒழுங்கு என்ன ஆவது? கட்டளைக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்தவன் சிப்பாய். அவன் மனைவியோ, தொட்டிலில் கிடக்கும் குழந்தையோ அவ்வித சத்தியம் எதுவும் செய்யவில்லை. அன்றியும், தன் குழந்தை உறங்கும் அறையில் விஷம் இருக்கிறது என்ற கவலையோடு காவல் நிற்பவனைக் கொண்டு எந்த ஒழுங்கைக் காப்பாற்ற முடியும்?

இரண்டாவது ஆட்சேபம், எல்லாம் ஏற்கெனவே சீர்திருத்தப்பட்டுவிட்டது என்பது. 2020-ஆம் நிதி வருஷத்துப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குடியிருப்போருக்குப் பதினெட்டு உரிமைகள் அளிக்கப்பட்டன. நல்ல காரியம், அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2020 பிப்ரவரியில் உரிமைப் பட்டியல் வெளிவந்தபோது அதில் பதினைந்துதான் இருந்தன. விடுபட்ட மூன்றும் எவை? வீட்டின் ஏழு வருஷத்து ரிப்பேர்ச் சரித்திரத்தைப் பார்க்கும் உரிமை. தகராறுகளுக்கு முறையான தீர்ப்புப் பெறும் உரிமை. தீர்ப்பாகும் வரை வாடகையை நிறுத்தி வைக்கும் உரிமை. பல்லும் நகமும் உள்ள உரிமைகள் எவையோ அவைதாம் பின்தங்கின. ஐம்பது வருஷ ஒப்பந்தத்தைச் சர்க்கார் தன்னிச்சையாகத் திருத்த முடியாதாகையால், கம்பெனிகளின் சம்மதத்தைத் தளந்தோறும் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அடுத்த வருஷத்திலும் சில தளங்கள் பாக்கி நின்றன. வீட்டுக்காரனுடைய சம்மதத்தின்பேரில் குடித்தனக்காரனுக்குக் கிடைக்கும் உரிமையை உரிமை என்று அழைப்பதைவிடத் தயவு என்று அழைப்பதே பொருத்தம்.

மூன்றாவது, குற்றவாளியைத் தண்டித்தாயிற்றே என்பது. பால்ஃபர் பீட்டி குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் நான்கு மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், செனட் சபையின் விசாரணைக் கமிட்டி வெளியிட்ட அறிக்கை, ஜார்ஜியாவின் கார்டன் கோட்டையில் அக்கம்பெனியின் வீடுகளில் பூஞ்சணப் புகார்கள் சரிவரக் கவனிக்கப்படாமையும் கணக்குகள் பிழைபட எழுதப்படுவதும் 2019-க்குப் பின்னும் தொடர்ந்ததாகக் கூறியது. அபராதம் கம்பெனியின் பெட்டியைத் தொட்டது. குடியிருப்பவரின் கையில் எதையும் கொடுக்கவில்லை. அந்தப் பொய்க் கணக்குகளின்மேல் வருஷக்கணக்காக ஊக்கத்தொகையை அனுமதித்தவர்கள் ராணுவ அதிகாரிகள் என்பதையும் மறக்கக் கூடாது.

நான்காவது ஆட்சேபம் விஞ்ஞானத்தின் பெயரால் எழுவது: இன்ன வீட்டினால் இன்ன குழந்தைக்கு இன்ன வியாதி வந்தது என்று நிரூபிக்க முடியுமா? தனியொருவர் விஷயத்தில் அது பெரும்பாலும் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஈயத்தைப் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுக்குழல் உபாதைகளும் மிகுந்திருப்பதை உலக சுகாதார ஸ்தாபனம் 2009-லேயே தொகுத்துச் சொல்லியிருக்கிறது. லெஜூனில் பணியாற்றியவர்களைக் கலிபோர்னியாவின் பெண்டில்டன் முகாமில் பணியாற்றியவர்களோடு ஒப்பிட்டு 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சி, முந்தியவர்களுக்குப் பார்க்கின்சன் வியாதி வரும் அபாயம் நூற்றுக்கு 70 பங்கு அதிகம் என்று கண்டது. அன்றியும், நிரூபணம் கடினமாயிருப்பதற்கு ஒரு பெருங்காரணம், நீர்ச் சோதனையையும் ரத்தச் சோதனையையும் ரிப்பேர்க் கணக்கையும் குடியிருப்பவர் கண்ணில் படாமல் வைத்திருந்ததே. சாட்சியத்தைத் தன் வசம் வைத்துக்கொண்டவனே சாட்சியம் எங்கே என்று கேட்பதை நியாயத்தில் சேர்க்க முடியாது.

ஆகையால் தனியாரா சர்க்காரா என்ற சர்ச்சையில் குடும்பங்களின் ஆரோக்கியத்தைப் பணயம் வைப்பவர்களோடு நாம் சேர முடியவில்லை. ஒப்பந்தங்களை ரத்து செய்வதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் வேறொன்றும் மாறாமல் அது மட்டும் நடந்தால், லெஜூனும் ரெட் ஹில்லும் நடந்த ஏற்பாட்டுக்கே திரும்பிப் போனவர்களாவோம். தளத்துக்குள் இருக்கும் வீட்டுக்கும், நீருக்கும், மாகாணத்தின் சுகாதாரப் பரிசோதகர் அனுமதி கேளாமல் வரும் அதிகாரம் வேண்டும். குழந்தைகளின் பரிசோதனை முடிவுகள் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து அதே நாளில் பொதுச் சுகாதார இலாகாவுக்குப் போக வேண்டும். வீட்டின் முழுச் சரித்திரமும் குடிபுகுமுன் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். தகராறு தீரும் வரை வாடகைப்படியை நிறுத்துவது சிப்பாயின் சொந்த இஷ்டமாக வேண்டும். அதற்காக அவனுடைய மேலதிகாரியிடம் ஒரு சொல்லும் போகலாகாது. மறைக்கப்பட்ட காலத்தைக் கழித்துவிட்டே கோர்ட்டுகள் காலக்கெடுவை எண்ண வேண்டும். இவை எல்லாம் வேலிக்கு வெளியே எந்தச் சாமானியனுக்கும் ஓரளவு கிடைத்துவருகிற சாதாரண உரிமைகளே. இனி எந்த ராணுவம் தன் குடியிருப்புகளைச் சீர்திருத்திவிட்டதாகப் பெருமை பேசினாலும், வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்துப் பொழுதைப் போக்காமல், கடைநிலைச் சிப்பாய் ஒருவனின் மனைவி தன் கணவனின் அதிகாரியைக் கேளாமலே ஒரு பரிசோதகரை வீட்டுக்குள் அழைத்துவர முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்று பதில் வருமானால், அந்த வீட்டுக்கு யார் சொந்தக்காரராக இருந்தாலும், அதற்குள் இருக்கும் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை.